2004-இல் வந்த கடல் 2012-இல் ஏன் வரவில்லை?

2012 ஏப்ரல் 11. மதியம் இரண்டு மணி தாண்டிச் சில நிமிடம் இருக்கும். காசிமேட்டில் எங்கள் வீட்டுக் குடத்தில் இருந்த தண்ணீர் தளும்பியது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கள் பக்கம் அந்த அதிர்வு நாள் முழுக்க உண்டு. ஆனால் லாரி போனால் ஜன்னல் கடகடவென்று நடுங்கிச் சில நொடியில் அடங்கிவிடும். அன்று விளக்கு ஊஞ்சல் போல மெதுவாக ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. தெருவே வெளியே வந்து நின்றது. கரையை விட்டு நகரச் சொன்னார்கள். 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் நாங்கள், இரண்டாம் முறை சொல்லும்வரை யாரும் நிற்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டைப் பக்கம் நடந்தோம். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கடல் வரவில்லை.

அன்றிரவு பெரியப்பா என்னிடம் கேட்டார். அவர் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர்.

“2004-ல காலையில லேசா ஆடுச்சுன்னு சொல்றாங்க. பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது, தூங்கிட்டு இருந்தாங்க. ஆனா கடல் ஊருக்குள்ள வந்துச்சு. இந்த தபா ஊரே ஆடுச்சு, எல்லாரும் பார்த்தோம். கடல் அப்படியே கெடக்கு. இது இன்னா கணக்குப்பா?”

அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது நிலநடுக்கம், எரிமலை என்று வந்தால் பெரியப்பாவின் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். இங்கேயும் அப்படியே ஆரம்பிக்கிறேன்.

ஆடி மாதம் அம்மன் கோவிலில் அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சுவார்கள். இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆனால் மேலே ஏடு கட்டும். உள்ளே சூடு அப்படியே இருக்கும். பூமியும் ஏறக்குறைய அப்படித்தான். நாம் நிற்பது குளிர்ந்து இறுகிய பாறை ஏட்டின் மேல். அதன் தடிமன் சராசரியாக 100 கிலோமீட்டர். பூமியின் மையத்துக்குப் போக 6,370 கிலோமீட்டர் ஆழம் இறங்க வேண்டும் என்றால், இந்த 100 கிலோமீட்டர் வெறும் ஏடுதான். அந்த ஏடு ஒரே துண்டாகவும் இல்லை. ஏழு பெரிய துண்டுகளாகவும் பல சிறிய துண்டுகளாகவும் உடைந்து கிடக்கிறது. இவற்றைத்தான் புவித்தட்டுகள் என்கிறோம்.

கூழ் உவமையை இதற்கு மேல் நீட்டக் கூடாது. ஏட்டுக்குக் கீழே நெருப்புக் குழம்பு கடலாகக் கொதிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. தட்டுகளுக்குக் கீழே இருக்கும் கவசம் என்ற அடுக்கு பெரும்பாலும் திடமான பாறைதான். ஆனால் அவ்வளவு சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தத் திடப் பாறை மிக மெதுவாக நகர்ந்துகொடுக்கும். சாலை போடும் இடத்தில் தார் டிரம் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் அடித்தால் தார் கல் மாதிரி தெறிக்கும். அதையே வெயிலில் நாலு நாள் விட்டால் தானாக வழிந்து பரவியிருக்கும். அவசரப்படுத்தினால் உடையும், நேரம் கொடுத்தால் ஓடும். கவசத்தின் குணமும் இதுதான். அப்படியானால் எரிமலையில் வரும் குழம்பு எங்கிருந்து வருகிறது? திடமாக இருக்கும் பாறை சில இடங்களில் மட்டும், சில காரணங்களால் உருகுகிறது. அந்த இடங்கள் பெரும்பாலும் தட்டுகளின் ஓரங்களில் இருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் சுலபம்.

தட்டுகள் நகர்கின்றன. நாம் இருக்கும் இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பெரியப்பாவுக்கு எழுபது வயது. அவர் பிறந்ததிலிருந்து இன்றுவரை காசிமேடு மூன்றரை மீட்டர் இடம் மாறியிருக்கிறது, கலங்கரை விளக்கம், மீன் ஏலக் கூடம், ராயபுரம் ரயில் நிலையம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு. எல்லாம் சேர்ந்தே நகர்வதால் நமக்குத் தெரிவதில்லை.

எது நகர்த்துகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதற்கு வலையைத்தான் காட்டுவேன். ஈயக்குண்டு கட்டிய வலையின் ஒரு முனையைப் படகிலிருந்து கடலுக்குள் விடுங்கள். கொஞ்சம் இறங்கியதும் அதன் கனமே படகில் கிடக்கும் மிச்ச வலையைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு போகும். கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்ந்து கனமாகிறது. அதன் ஓரம் ஒரு இடத்தில் கவசத்துக்குள் அமிழத் தொடங்கினால், அந்தக் கனம் பின்னால் இருக்கும் முழுத் தட்டையும் இழுக்கிறது. உள்ளிருக்கும் சூட்டால் கவசப் பாறை மெதுவாகச் சுழல்வதும் இதோடு சேர்ந்து நடக்கிறது. ஆனாலும் பெரிய விசை இந்த இழுப்புதான் என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள்.

கண்டங்கள் நகர்ந்தன என்று ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெகனர் 1912-இலேயே சொல்லிவிட்டார். எது நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியாததால் பலர் ஏற்கவில்லை. 1930-இல் கிரீன்லாந்தின் பனியில் ஆய்வுப் பயணத்திலேயே இறந்துபோனார். கடலடியை அளந்து வரைபடம் போட்ட பிறகு, 1960-களில்தான் அவர் பக்கம் உண்மை இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வரைபடங்களை வரைந்த மேரி தார்ப், அட்லாண்டிக் கடலின் நடுவில் நீளமாக ஒரு பிளவு ஓடுவதைக் கண்டு சொன்னபோது கூட வேலை செய்தவரே முதலில் நம்பவில்லை. இந்த இருவரையும் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த நடுக்கடல் பிளவுதான் முதல் வகை எல்லை. அங்கே இரண்டு தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. விலகும் இடத்துக்குக் கீழிருந்து கவசப் பாறை மேலே ஏறி வருகிறது. மேலே வர வர அதன் மேல் இருந்த அழுத்தம் குறைகிறது. குக்கரை நினைத்துப் பாருங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். விசிலைத் தூக்கி அழுத்தத்தை விட்டால், அடுப்பு அணைந்திருந்தாலும் உள்ளே குபுகுபுவென்று கொதிக்கும். புதிதாகச் சூடு எதுவும் சேரவில்லை, அழுத்தம் குறைந்தது, அவ்வளவுதான். நடுக்கடலில் பாறை உருகுவதும் இதே போல. உருகியது மேலே வந்து குளிர்ந்து புதுக் கடல் தரையாகிறது. உலகக் கடல்களின் அடியில் இப்படி ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைத்தொடர் ஓடுகிறது. ஐஸ்லாந்தில் அது கடலுக்கு மேலேயே தலைகாட்டுகிறது. அங்கே எரிமலைகள் அதிகம். நிலநடுக்கமும் உண்டு, ஆனால் விலகும் தட்டு மெல்லியதாகவும் சூடாகவும் இருப்பதால் பிரம்மாண்டமான நிலநடுக்கம் அங்கே வருவதில்லை.

நம் கரைக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரை ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிளந்து விலகியபோது நடுவில் கடல் புகுந்தது. அதாவது காசிமேட்டுக் கரை அன்றைக்குத் தட்டு எல்லையின் பக்கத்தில் இருந்தது. இன்றைக்கு இல்லை. கடல் தொடங்கும் இடம்தான் தட்டின் ஓரம் என்று நினைப்பவர்கள் நிறைய. இந்தியத் தட்டு நம் கரையோடு முடிந்துவிடவில்லை. வங்காள விரிகுடாவின் தரையும் அதே தட்டுதான். அதன் கிழக்கு ஓரம் அந்தமானுக்குப் பக்கத்தில், நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சென்னையில் எரிமலை இல்லாததற்கும் பெரிய நிலநடுக்கம் அரிதாக இருப்பதற்கும் இந்தத் தூரமே காரணம்.

இரண்டாவது வகையில் தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் போகும். எதுவும் மேலே வருவதில்லை, கீழே அமிழ்வதில்லை. அதனால் பாறை உருகக் காரணமில்லை, எரிமலையும் இல்லை. நிலநடுக்கம் மட்டும் உண்டு, அதுவும் கொடுமையாக. 1906-இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்தது கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. 2023 பிப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவில் வந்ததும் இந்த வகைதான்.

நிலநடுக்கம் எப்படி உண்டாகிறது என்பதையே நாம் கற்றுக்கொண்டது 1906-க்கு அப்புறம் செய்த ஆய்விலிருந்துதான். நேராகப் போட்டிருந்த வேலிகள் பிளவைக் கடக்கும் இடத்தில் சில மீட்டர் விலகிக் கிடந்ததை அங்கே பார்த்தார்கள். தட்டுகள் உரசும் இடம் சும்மா வழுக்கிக்கொண்டே போவதில்லை. பாறையும் பாறையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

இதை ஒரு முறை செய்து பாருங்கள். மீன் போடும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸை நிரப்பி சிமென்ட் தரையில் வையுங்கள். பழைய சைக்கிள் டியூபை அதில் கட்டி மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். முதலில் பெட்டி நகராது, டியூப் நீளும். இன்னும் இழுத்தால் இன்னும் நீளும். ஒரு கட்டத்தில் பெட்டி வெடுக்கென்று முன்னே பாயும், டியூப் சுருங்கும். மறுபடி பெட்டி நிற்கும், டியூப் நீளத் தொடங்கும். உங்கள் கை நகர்வது சீராக இருக்கிறது, பெட்டி நகர்வது மட்டும் விட்டு விட்டு. தட்டு நகர்வது உங்கள் கை. தட்டின் ஓரத்தில் வளைந்து இழுபட்டு நிற்கும் பாறை அந்த டியூப். அந்த வெடுக்கென்ற பாய்ச்சல்தான் நிலநடுக்கம். நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு சேர்ந்த இழுப்பு சில நொடியிலோ சில நிமிடத்திலோ விடுபடுகிறது. பெட்டி எந்த நொடியில் பாயும் என்று சொல்ல முயன்று பாருங்கள், முடியாது. டியூப் நன்றாக நீண்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பாயும் என்று மட்டும் சொல்லலாம். இன்ன தேதியில் நிலநடுக்கம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்ப வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உலகத்தில் யாராலும் தேதி சொல்ல முடியாது.

இனி மூன்றாவது வகை, தட்டுகள் மோதும் எல்லை. பெரியப்பாவின் கேள்விக்கு வேண்டிய பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

மோதுவது இரண்டுமே கண்டமாக இருந்தால் இரண்டும் கனம் குறைந்தவை, எதுவும் ஆழமாக அமிழாது. நசுங்கி, மடிந்து, உயரும். இந்தியா ஆசியாவை மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் இருந்த கடலின் தரை இமயமலையாக எழுந்தது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை, அதில் கடல் உயிரிகளின் படிவங்கள் இருக்கின்றன. மோதல் இன்னும் ஓயவில்லை. 2015 ஏப்ரலில் நேபாளத்தை உலுக்கிய 7.8 நிலநடுக்கம் அதன் ஒரு பாய்ச்சல். ஆனால் இமயமலையில் எரிமலைகள் இல்லை. ஏன் இல்லை என்பதற்கான விடை, எரிமலை இருக்கும் இடத்தைப் பார்த்தால் கிடைக்கும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி மூன்று நாள் போனால் அந்தமான். வடசென்னையில் பல குடும்பங்களுக்கு அங்கே சொந்தம் உண்டு. போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தள்ளிக் கடல் நடுவில் பாரன் தீவு இருக்கிறது. ஆள் யாரும் குடியில்லாத தீவு. இந்தியாவில் இன்றும் சீறிக்கொண்டிருக்கும் ஒரே எரிமலை அதுதான். 1787-இல் அது புகைந்ததைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்து, 1991-இல் மறுபடி சீறியது. அதற்கப்புறமும் அவ்வப்போது சாம்பலும் குழம்பும் கக்குகிறது.

அங்கே ஏன் எரிமலை? அந்தமானுக்கு மேற்கே கடலடியில் நம் இந்தியத் தட்டு கிழக்கு நோக்கிச் சாய்ந்து, பர்மா தட்டு என்ற சிறிய தட்டுக்கு அடியில் அமிழ்கிறது. அமிழும் இடத்தில் கடல் தரை ஆழமான பள்ளமாகும். அதை அகழி என்கிறார்கள். இந்த அகழி அந்தமானிலிருந்து சுமத்ரா, ஜாவா வரை நீள்கிறது. இரண்டு தட்டும் உரசுவதால் சூடாகிப் பாறை உருகுகிறது என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உண்மை அது இல்லை. அமிழும் தட்டு குளிர்ந்த தட்டு, அது கவசத்தைக் குளிரவைக்கத்தான் செய்யும். உருகுவதற்குக் காரணம் தண்ணீர்.

எங்கள் தெருவில் ராத்திரி குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டு வரும். பானைக்குள் ஐஸைப் போட்டு அதன்மேல் கல்லுப்பைக் கொட்டியிருப்பார்கள். உப்புப் பட்டதும் ஐஸ் சீக்கிரம் கரையத் தொடங்கும். உப்பு ஐஸைச் சூடாக்கவில்லை. கரைவதற்கு வேண்டிய வெப்பநிலையை அது கீழே இறக்கிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழேயும் ஐஸ் தண்ணீராகிறது. சூடான பாறைக்குத் தண்ணீர் செய்வதும் இதே வேலை. பல கோடி ஆண்டு கடலடியில் கிடந்த தட்டு, தன் கனிமங்களுக்குள் தண்ணீரை ஏற்றி வைத்திருக்கிறது. அது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழம் போகும்போது அழுத்தத்திலும் சூட்டிலும் அந்தத் தண்ணீர் வெளியேறி, மேலே இருக்கும் கவசப் பாறைக்குள் ஏறுகிறது. அந்தப் பாறை ஏற்கெனவே நல்ல சூட்டில்தான் இருக்கிறது, உருகாமல் இருந்தது. தண்ணீர் பட்டதும் உருகும் வெப்பநிலை இறங்கிவிடுகிறது, பாறை உருகுகிறது. உருகியது சுற்றியிருக்கும் பாறையைவிடக் கனம் குறைந்தது என்பதால் மேலே ஏறுகிறது. இதனால்தான் எரிமலைகள் அகழியின் மேலேயே இருக்காமல், தட்டு அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும் இடத்துக்கு மேலே, கொஞ்சம் தள்ளி வரிசையாக நிற்கின்றன. பாரன் தீவும் அகழிக்குக் கிழக்கே தள்ளித்தான் இருக்கிறது. ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் எல்லாம் இதே கதை. பசிபிக் கடலைச் சுற்றி இந்த வரிசை ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் போகிறது, நெருப்பு வளையம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இமயமலைக்கு அடியில் இப்போது இப்படித் தண்ணீர் கொண்டுபோகும் கடலடித் தட்டு இல்லை. அதனால் அங்கே எரிமலை இல்லை.

சில எரிமலை அமைதியாக வழிகிறது, சில வெடிக்கிறது. அதற்கும் கூழ் அண்டாவிடம் போகலாம். ரசம் கொதித்தால் குமிழ் எழும்பி உடைந்துபோகும். கேழ்வரகுக் கூழ் கெட்டியாகக் கொதிக்கும்போது பக்கத்தில் நிற்க முடியாது. குமிழுக்குள் ஆவி வெளியேற வழி கிடைக்காமல் அடைபட்டு, பட்டென்று உடைந்து கை காலில் தெறிக்கும். நடுக்கடல் பிளவில் வருவது ரசம் போல நீர்த்த குழம்பு, அது பெரும்பாலும் வழிந்தோடும். அமிழும் எல்லையில் வருவது பெரும்பாலும் கெட்டியான குழம்பு, அதில் தண்ணீர் ஆவியும் மற்ற வாயுக்களும் நிறையக் கரைந்திருக்கும். மேலே வரும்போது அழுத்தம் குறைய, கோலி சோடாவைத் திறந்தது போல வாயு பொங்கும். வெளியேற வழியில்லை என்றால் மலையையே உடைத்துக்கொண்டு வரும். 1883-இல் கிரகடோவாவும் 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடூபோவும் இப்படி வெடித்தவை. எல்லா எரிமலையும் தட்டின் ஓரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹவாய்த் தீவுகள் தட்டின் நடுவே இருக்கின்றன. மகாராஷ்டிரத்தை மூடியிருக்கும் தக்காணக் கரும்பாறையும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தட்டின் நடுவில் பொங்கியதுதான். அது தனிக் கதை.

சரி, 2004-க்கு வருவோம்.

இந்தியத் தட்டு அமிழும்போது மேலே இருக்கும் பர்மா தட்டின் ஓரத்தைக் கவ்விப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. தெர்மாகோல் பெட்டிதான், ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6:29 மணிக்குச் சுமத்ராவின் வடமுனைக்குப் பக்கத்தில், சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில் பிடி விட்டது. விட்ட இடத்திலேயே நிற்கவில்லை. துணி கிழிவது போல வடக்கே நிக்கோபார், அந்தமான் என்று ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் கிழிந்துகொண்டே போனது. சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் இருக்கும் தூரத்தைவிட அதிகம். கிழிந்து முடிய எட்டு முதல் பத்து நிமிடம் ஆனது. அளவு 9.1. இந்த எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்தால் 9.1 என்பதன் பொருள் புரியும்.

பிடி விட்டதும் இவ்வளவு காலம் கீழே இழுபட்டிருந்த மேல்தட்டின் ஓரம் துள்ளி எழுந்தது. கடல் தரை பல மீட்டர் உயர்ந்தது. அதன் மேல் நின்ற தண்ணீர் முழுவதும் தூக்கப்பட்டது. ஓரம் எழுந்தபோது அதற்குப் பின்னால் இருந்த பகுதி தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்துவிட்டது. வட அந்தமானின் மேற்குப் பக்கத்திலோ பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே எழுந்து நின்றன. ஒரே நிலநடுக்கம், ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். மேற்கே நம் பக்கம் வந்த அலையின் முன்னால் மேடு இருந்தது, கிழக்கே தாய்லாந்துப் பக்கம் போன அலையின் முன்னால் பள்ளம் இருந்தது. அங்கே கடல் முதலில் உள்வாங்கியதும் இங்கே முதலில் ஏறியதும் இதனால்தான். கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று பலர் நினைக்கிறார்கள். நம் கரையில் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

பெரியப்பாவுக்கு இதை விளக்க ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பினேன். அடியில் உள்ளங்கையை விரித்து வைத்து வெடுக்கென்று மேலே தூக்கினேன். அலை விளிம்பைத் தாண்டிக் கீழே கொட்டியது. “இது 2004, பெரியப்பா” என்றேன். தண்ணீர் அடங்கியதும் உள்ளங்கையை அடியோடு ஒட்டி வைத்து, அதே வேகத்தில் பக்கவாட்டில் இழுத்தேன். மேலே லேசான சலனம், அவ்வளவுதான்.

“இதுதான் 2012-ஆ?”

ஆமாம். 2012-இல் நடந்தது அகழியில் இல்லை. அகழிக்கு மேற்கே, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்திருக்கும் தட்டின் உள்ளேயே. இந்தியாவின் பக்கத்தை வடக்கே இமயமலை தடுத்து நிறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் பக்கம் சுமத்ரா, ஜாவாவுக்கு அடியில் தடையில்லாமல் அமிழ்ந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் பிடிபட்டு, மறுபக்கம் இழுபட்டால் நடுவில் என்ன ஆகும்? கிழியும். அந்தக் கிழிசல்களில் பாறை பக்கவாட்டில் நகர்ந்தது. அளவு 8.6. பக்கவாட்டில் நகரும் நிலநடுக்கங்களில் இதுவரை கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது அது. இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. அவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டும் கடல் தரை மேலே எழவில்லை, தண்ணீரைத் தூக்க ஆள் இல்லை. சிறு அலைகளோடு போய்விட்டது. நம் குடத்துத் தண்ணீரைத் தளும்பவைத்தது பாறை வழியே வந்த அதிர்வு. ஊருக்குள் வருவது கடல் தரை எழுந்து தூக்கிவிடும் தண்ணீர். இரண்டும் ஒன்றல்ல.

பெரியப்பா பேசினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தானே ஒரு முறை கையை விட்டுத் தூக்கிப் பார்த்தார்.

ஆனால் அன்று மதியம் எங்களைக் கரையை விட்டு நகரச் சொன்னது தவறில்லை. நிலநடுக்கம் வந்த முதல் சில நிமிடத்தில் அது எங்கே, எவ்வளவு பெரியது என்பது தெரிந்துவிடும். கடல் தரை எழுந்ததா, பக்கவாட்டில் போனதா என்பது உறுதியாக இன்னும் நேரம் வேண்டும். 2004-இல் நம் கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல் வந்தது. கடலடியில் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும் மிதவைகளும் கரையோர அலைமானிகளும் அனுப்பும் தகவலை வைத்து அவர்கள் எச்சரிக்கையைத் தொடரவோ விலக்கவோ செய்வார்கள். அதுவரை விலகி நிற்பதுதான் சரி.

தட்டின் ஓரத்திலிருந்து நாம் தூரத்தில் இருப்பதால் சென்னைக்கு நிலநடுக்கமே வராது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓரத்தில் மோதும் நெருக்கடி தட்டின் உள்ளேயும் பரவும், பழைய பிளவுகள் அவ்வப்போது அசையும். 2001 ஜனவரியில் குஜராத்தின் பூஜ்ஜில் வந்தது தட்டின் உள்ளேதான். அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்த நிலநடுக்கம் சென்னையில் எல்லாரையும் வெளியே ஓடவைத்தது. வடசென்னைக்கு இன்னொரு கவலை உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சுமார் 250 கோடி ஆண்டு பழமையான கெட்டிப் பாறை தரைக்கே வந்துவிடுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் காலுக்குக் கீழே மணலும் களிமண்ணும், தோண்டினால் சீக்கிரமே தண்ணீர். இப்படி இளகிய மண் அதிர்வைப் பெரிதாக்கிக் காட்டும். 1985-இல் மெக்சிகோ நகரம் நொறுங்கியதற்கு அது பழைய ஏரிப் படுகையின் மேல் இருந்ததே முக்கியக் காரணம், நிலநடுக்கம் வந்த இடமோ 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நம் பக்கம் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் மண்ணைச் சோதித்து அடித்தளம் போட்டிருக்கிறார்களா என்று வீடு வாங்கும்போது தயங்காமல் கேளுங்கள்.

பேசின் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தபோது பெரியப்பா இன்னொரு கேள்வி வைத்திருந்தார். 2004-இல் அவர் லாஞ்சில் ஆழ்கடலில் இருந்தார். போய் நாலைந்து நாள் ஆகியிருந்தது. காலையில் வலை இழுத்தார்கள், சாப்பிட்டார்கள், எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் துறைமுகத்தில் படகின்மேல் படகு ஏறிக் கிடந்தது. கரைக்கு வந்து சேர்ந்த அவ்வளவு பெரிய அலை, நடுவில் இருந்த தன்னைத் தாண்டாமல் எப்படி வந்தது என்று கேட்டார்.

அது அவரைத் தாண்டித்தான் வந்தது. அன்று வங்காள விரிகுடாவின் மேல் பறந்த ஜேசன் என்ற செயற்கைக்கோள், ஆழ்கடலில் அந்த அலையின் உயரத்தை அளந்தது. ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஆனால் அதன் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். லாஞ்ச் பத்து இருபது நிமிடத்தில் அரை மீட்டர் ஏறி இறங்கினால் யாருக்குத் தெரியும்? மூவாயிரம் மீட்டர் ஆழக் கடலில் அது மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கரையை நெருங்க ஆழம் குறையும், முன்னால் போகும் தண்ணீர் வேகம் குறையும், பின்னால் வருவது அதன் மேல் வந்து ஏறும். உயரம் அங்கேதான் வருகிறது. நிக்கோபார்ப் பக்கத்திலிருந்து நமக்கு ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். பாறை வழியே அதிர்வு சில நிமிடத்தில் வந்தது. கடல் வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது.

“ரெண்டரை மணி நேரமா?” என்றார். பிறகு விரலில் எண்ண ஆரம்பித்தார். திருவொற்றியூர் குப்பம், காசிமேடு, எண்ணூர் குப்பம், எந்தத் தெருவில் கிழவிகள் தனியாக இருக்கிறார்கள், யாரிடம் ஆட்டோ இருக்கிறது, யார் வீட்டுக் கதவைத் தட்டினால் சீக்கிரம் திறப்பார்கள் என்று ஒவ்வொன்றாக.